தோழியின் நாய்க்குட்டிக்கு அவசரச் சிகிச்சை: பணம் கொடுத்து உதவுவது எப்படி?

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. அவர் எழுதியதைச் சுருக்கி வாசிக்கிறேன்.

"என் தோழி அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். அவள் வளர்க்கும் மூன்று மாத நாய்க்குட்டிக்குப் பார்வோ வந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். ஐந்து நாள் சிகிச்சைக்கு 18,000 ரூபாய் ஆகுமாம். மோதிரத்தை அடகு வைத்து 7,000 ரூபாய் கட்டியிருக்கிறாள். என்னிடம் வாய் திறந்து கேட்கவில்லை. அவள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் கையில் சீட்டு எடுத்த பணம் 12,000 ரூபாய் இருக்கிறது. கொடுக்கலாமா? கொடுத்தால் கடனாகவா, சும்மாவா? ஒரு நாய்க்குட்டிக்கு இவ்வளவு செலவு எப்படி ஆகும், ஏமாற்றுகிறார்களா என்று என் கணவர் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?"

இந்தக் கேள்வி வந்த அன்று மாலையே அந்தச் சகோதரியிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். காணொளி வெளிவரும் வரை பார்வோ காத்திருக்காது. அவரிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் கணவருடைய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால்தான் மற்ற கேள்விகளுக்கும் வழி பிறக்கும். பார்வோ என்பது 1978 வாக்கில் உலகெங்கும் நாய்களிடையே பரவிய ஒரு வைரஸ் நோய். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிகளைத்தான் அது பெரும்பாலும் பிடிக்கிறது. குடலின் உட்சுவரில் வேகமாக வளரும் செல்களை அந்த வைரஸ் அழித்துவிடுவதால், குட்டி குடிக்கும் தண்ணீரும் உடம்பில் தங்காமல் வாந்தியாகவும், ரத்தம் கலந்த, கடுமையான நாற்றமுள்ள கழிச்சலாகவும் வெளியேறிவிடுகிறது. அதே வைரஸ் எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் ரத்தத்தில் கலக்கும் நேரத்தில், எதிர்த்துப் போராட உடம்பில் படையே இருப்பதில்லை. இந்த வைரஸை நேரடியாகக் கொல்ல, நம்மூர் மருத்துவமனைகளில் அன்றாடம் கொடுக்கும் மருந்து எதுவும் கிடையாது. குட்டியின் உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும் வரை, அதாவது ஏறக்குறைய மூன்று நான்கு நாள்கள், அதை உயிரோடு தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

அந்தத் தாங்கிப் பிடித்தலுக்குத்தான் செலவு ஆகிறது. முன்னங்காலில் முடியை மழித்து, ஊசி ஏற்றி, பிளாஸ்திரி சுற்றி, இரவும் பகலும் திரவம் ஏற்ற வேண்டும். அந்தக் கால் சின்ன வெண்டைக்காய் தடிமன்தான் இருக்கும். குட்டி புரண்டால் ஊசி நழுவிவிடும், மறுபடியும் நரம்பு தேட வேண்டும். வாந்தியை நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாடிக், ரத்தப் பரிசோதனை, மற்ற நாய்களுக்குத் தொற்றாமல் தனி அறை, இரவில் விழித்திருந்து பார்க்க ஓர் ஆள் என்று எல்லாம் சேரும்போது தொகை ஏறத்தான் செய்யும். ஆகையால் 18,000 ரூபாய் என்று கேட்டவுடனே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் தினசரிக் கணக்கை எழுதித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்கள் தோழிக்கு உண்டு. இன்று என்ன கொடுத்தீர்கள், நாளைக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள், அதில் எது இல்லாமல் முடியவே முடியாது, எதைத் தள்ளிப் போடலாம் என்று பணிவாகக் கேட்டால், நல்ல மருத்துவர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். பணம் குறைவாக இருக்கிறது என்பதையும் அவரிடம் மறைக்கக் கூடாது. கால்நடை மருத்துவராக 31 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். கையில் பணம் இல்லை என்று நேராகச் சொன்னவர்களுக்கு ஏதாவதொரு வழி சொல்ல முடிந்திருக்கிறது. சொல்லக் கூச்சப்பட்டு, "வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், சார்" என்று துண்டில் சுற்றி எடுத்துப் போனவர்களுக்குத்தான் எதுவும் செய்ய முடியாமல் போயிருக்கிறது.

அப்படிப் போன ஒருவரை இன்றும் மறக்க முடியவில்லை. கடலூர் முதுநகரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர். அவருடைய பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டியிருந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொன்னேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று போனவர் மூன்றாம் நாள்தான் வந்தார். கூட வந்த அவருடைய நண்பர், நாயின் மேல் உதட்டைத் தூக்கி நான் ஈறை அழுத்திப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். அந்த நாய்க்குச் சிவக்கவே இல்லை. பணம் புரட்டத்தான் அந்த இரண்டு நாள் போயிற்று என்று அப்போதுதான் அந்த நண்பருக்குத் தெரிந்தது. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேனே, சார்" என்று அவர் என்னிடம்தான் சொன்னார், தன் நண்பரிடம் சொல்லவில்லை.

அதனால், சகோதரி, உங்கள் தோழி கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் கேட்க மாட்டார். மனிதருக்கு நோய் என்றால் கடன் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. நாய்க்கு என்றால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற எண்ணம் வாயை அடைத்துவிடுகிறது. நீங்களே கூப்பிட்டு, "எனக்குத் தெரியும், மறைக்காதே, நாளைக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று சொன்னால், "ஒன்றும் வேண்டாம்" என்ற பதில்தான் வரும்.

பணத்தை எப்படிக் கொடுப்பது? முடிந்தால் மருத்துவமனையின் க்யூஆர் குறியீட்டை வாங்கி, யூபிஐ மூலம் நேராக அங்கேயே கட்டிவிட்டு, ரசீதைத் தோழிக்கு அனுப்புங்கள். தோழி மீது நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. கையில் பணம் வந்தால், மோதிரத்தை மீட்கலாமா, வாடகையைக் கொடுக்கலாமா என்று நாலு பக்கமும் மனம் ஓடும். நேராகக் கட்டிவிட்டால் அந்தச் சுமை அவருக்கு இல்லை. மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதலில் இரண்டு நாள் செலவைக் கட்டுங்கள். மூன்றாம் நாள் மருத்துவர் சொல்வதைக் கேட்டு அடுத்த இரண்டு நாளைப் பாருங்கள். பார்வோவில் முதல் மூன்று நான்கு நாளைத் தாண்டிவிட்ட குட்டி பெரும்பாலும் தேறிவிடும். நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. உங்கள் பணம் வீண் போகாது என்ற நம்பிக்கையோடு கொடுக்கலாம்.

கடனா, சும்மாவா என்பதற்கு என் கருத்து இது: திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீட்டில் அடுப்பு எரிவதற்குத் தடையில்லாத தொகை எதுவோ, அதை மட்டும் கொடுங்கள், கொடுக்கும்போதே அதை மனத்தில் வரவு வைக்காதீர்கள். 12,000 ரூபாயில் 6,000 ரூபாய்தான் அப்படிப்பட்டது என்றால், 6,000 ரூபாய் போதும். தோழி தன்மானம் உள்ளவர், திருப்பித் தந்தே தீருவேன் என்றால், "குட்டி வீட்டுக்கு வந்த பிறகு பேசிக்கொள்வோம்" என்று சொல்லுங்கள். மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் தவணை பேசக் கூடாது. பல பேர் சேர்ந்து கொடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒருவரிடமிருந்து 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாக வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது வாங்கியவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். உங்கள் விஷயத்தில் தொகை அந்த அளவுக்குப் போகவில்லை.

கணவரிடம் மறைத்துக் கொடுக்க வேண்டாம். சீட்டுப் பணம் உங்கள் உழைப்புதான், ஆனாலும் பின்னால் தெரியவந்தால் கோபமெல்லாம் அந்தத் தோழி மீதுதான் திரும்பும். எதற்குச் செலவாகிறது என்று நான் சொன்னதை அவரிடம் சொல்லுங்கள், ரசீதைக் காட்டுங்கள். நாய்க்காகக் கொடுக்கிறோம் என்று அவர் நினைக்கிறார். அரியாங்குப்பத்தில் மூன்று நாளாகத் தூங்காமல் இருக்கிற ஒரு பெண்ணுக்காகவும்தான் கொடுக்கிறீர்கள்.

பணம் போதவே போதாது என்ற நிலை வந்தால் என்ன செய்வது? புதுச்சேரி குரும்பபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசு நிறுவனம், கால்நடை மருத்துவ மாணவர்கள் பயிலும் மருத்துவமனை அங்கே உண்டு. அரியாங்குப்பத்திலிருந்து போய்வரும் தூரம்தான். புறப்படுவதற்கு முன்பு தொலைபேசியில் பார்வோ என்று சொல்லி, எந்த நேரத்தில் வரலாம், கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் குட்டியைத் தரையில் விடாதீர்கள். தடுப்பூசிக்கு வந்த மற்ற குட்டிகள் அங்கே இருக்கும். மருத்துவமனையில் தங்கவைக்க முடியாத குட்டிகளுக்குத் தினமும் கொண்டுவந்து தோலுக்கடியில் திரவம் ஏற்றி, ஊசி போட்டு, வீட்டில் வைத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, உள்நோயாளிகளாக இருந்தவற்றில் 90 சதவீதமும், இப்படிப் பார்க்கப்பட்டவற்றில் 80 சதவீதமும் பிழைத்தன. தங்கவைப்பதற்கு ஈடாகாது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பல மடங்கு மேல். இதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நீங்களாக மனிதர்களுக்கான பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே நாய்களுக்கு நஞ்சாகக்கூடியவை.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். ஒருவேளை மருத்துவர் இனி நம்பிக்கை இல்லை என்று சொன்னால், அந்த முடிவு உங்கள் தோழியுடையது. "நான் பணம் கட்டியிருக்கிறேனே, இன்னும் இரண்டு நாள் பார்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. வலியில்லாமல் அதை அனுப்பிவைக்க அவர் முடிவு செய்தால், அந்தச் செலவுக்கும் உங்கள் பணம் போகலாம். அன்றைக்கு முடிந்தால் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் இருங்கள்.

உங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். தோழியைப் பார்த்துவிட்டு வந்தால் செருப்பை வெளியிலேயே விட்டு, உடையைத் துவைக்கப் போட்டு, குளித்த பிறகு நாயைத் தொடுங்கள். இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்பு அதைக் கொல்லாது. தோழி வீட்டுத் தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ பிளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் நாளைக் காலையிலேயே போய்ப் போட்டுவிடுங்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். தோழியின் குட்டிக்கு முதல் ஊசி மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

நேற்று மாலை அந்தச் சகோதரி மறுபடியும் பேசினார். 4,000 ரூபாய் கட்டியிருக்கிறார். வாந்தி நின்றிருக்கிறது, மூன்று கரண்டி கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்களாம், உள்ளே தங்கியிருக்கிறது. ரத்தக் கழிச்சல் இன்னும் நிற்கவில்லை. நாளைக்கு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, மீதிப் பணத்தை எப்போது கட்டுவது என்று என்னிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.