கிடுக்கிப்பிடி விசாரணை

நேயர்களுக்கு வணக்கம்.

அடுப்பில் பால் பொங்கி வருகிறது. பாத்திரத்தை இறக்கக் கை எதைத் தேடும்? கிடுக்கியை. சில வீடுகளில் இடுக்கி என்பார்கள். விளிம்பைக் கவ்விவிட்டால் பாத்திரம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராது. இந்த அடுப்படிச் சாமான்தான் செய்திகளில் 'கிடுக்கிப்பிடி விசாரணை' என்று வருகிறது. மாட்டியவர் நழுவ வழியில்லாமல் கேள்வி மேல் கேள்வி கேட்பது என்று அர்த்தம். 'துருவித் துருவிக் கேட்டார்கள்' என்றும் எழுதுகிறார்கள். துருவுவது தேங்காயை அல்லவா? மனிதரைச் சொல்லும்போது இது எனக்கு உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் உண்டு. கிட்டி என்று ஒரு பழைய சொல். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்கும் கருவி அது. சென்னை மாகாணத்தில் வரி பாக்கி வைத்த குடியானவர்களின் விரல்களை அதில் வைத்து நெருக்கினார்கள். வரி வசூலித்த ஆட்களேதான் அப்போது போலீஸ் வேலையும் பார்த்தார்கள். 1855-இல் சித்திரவதை பற்றி விசாரித்த குழுவின் ஆங்கில அறிக்கையிலும் கிட்டி என்ற சொல் அப்படியே ஏறியிருக்கிறது.

இன்றைய சட்டம் வேறு. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. காவல் நிலையத்தில் கேட்கும் கேள்விக்கும் அது பொருந்தும் என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாயம் என்பது அடி உதை மட்டும் அல்ல. மனத்தை வதைப்பதும், ஆள் சோர்ந்துபோகும்வரை கேள்விகளை நீட்டுவதும்கூடக் கட்டாயம்தான் என்றது. கிடுக்கிப்பிடி என்று நாம் மெச்சி எழுதுவது ஏறக்குறைய அதைத்தானே? வெறுமனே 'விசாரித்தார்கள்' என்று எழுதினால் செய்தியில் என்ன குறைந்துவிடும்?

எங்கள் தெருப் பையன் ஒருவனை, பைக் திருட்டு ஒன்றில் பார்த்ததைச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். சாட்சிதான். இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிட்டான். மறுநாள் பேப்பரில் 'வாலிபரிடம் கிடுக்கிப்பிடி விசாரணை'. அவன் அம்மா பேப்பரோடு என்னிடம் வந்தார். "சார், இதுக்கு என்ன அர்த்தம்? பையனை அடிச்சாங்களா? எங்கிட்ட மறைக்கிறானா?"

அர்த்தம் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

எப்போது வந்தாலும், கிளம்பும்போது "வீட்டுல எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லுங்க சார்" என்பவர் அவர். அன்றைக்கு வாசல்வரை போய், "கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.