சுவரில் மிஞ்சியது: மான்டோவா அரண்மனையைப் பார்க்கும் முறை

அவையோருக்கு வணக்கம்.

இத்தாலிக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊரோடு முடித்துக்கொள்கிறார்கள். நான் பேசப்போவது அந்த வரிசையில் இடம்பெறாத மான்டோவாவைப் பற்றி. வட இத்தாலியில், மிஞ்சோ ஆற்றைத் தேக்கி உண்டாக்கிய மூன்று ஏரிகள் சூழ்ந்த ஊர். 1328இல் பொனகோல்சி குடும்பத்தை அடித்துத் துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்த கொன்சாகா குடும்பம் 1707 வரை அங்கே ஆண்டது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிச் சேர்த்ததுதான் பலாட்சோ துகாலே என்னும் அரண்மனை. 500க்கு மேற்பட்ட அறைகள், நடுநடுவே முற்றங்கள், தோட்டங்கள், ஒரு தேவாலயம், ஏரியோரம் ஒரு கோட்டை. ஒரே கட்டடம் என்று நினைத்துப் போகாதீர்கள். வெவ்வேறு நூற்றாண்டுக் கட்டடங்களை நடைக்கூடங்களால் தைத்துச் சேர்த்த ஒரு சின்ன ஊர் அது.

போகுமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது காலியான அரண்மனை. தங்க நாற்காலி, வெள்ளிப் பாத்திரம், அறைக்கு அறை எண்ணெய் ஓவியம் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் அரை மணியில் சலித்துப்போய் வெளியே வந்துவிடுவார்கள். காலியானதற்குக் காரணம் கடன். கொன்சாகாக்கள் கையில் இருந்ததற்கு மேல் செலவழித்தவர்கள். 1627, 28 வாக்கில் ஓவியத் தொகுப்பின் பெரும்பகுதியை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசுக்கு விற்றார்கள். மாந்தேன்யா வரைந்த, சீசரின் வெற்றி ஊர்வலத்தைக் காட்டும் ஒன்பது பெரிய படங்கள் இன்றும் லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருப்பது அதனால்தான். கொன்சாகா வீட்டு மருமகளான இசபெல்லா தெஸ்தே தன் சிற்றறைக்காக ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிய படங்கள் பிரெஞ்சுக் கார்டினல் ரிஷெலியுவிடம் போய், இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்து வாரிசுப் போர். 1630 ஜூலையில் புனித ரோமப் பேரரசரின் படை ஊருக்குள் புகுந்து சூறையாடியது. கூடவே பிளேக். மிச்சத்தில் கைவைக்க நெப்போலியனின் படை வந்தது.

ஆக, எடுத்துப் போக முடிந்ததெல்லாம் போய்விட்டது. சுவரோடும் விதானத்தோடும் ஒட்டியிருந்தது நின்றுவிட்டது. இந்த அரண்மனையைப் பார்க்கிறவர் கண்ணாடிப் பேழையைத் தேடாமல் சுவரையும் கூரையையும் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும். எங்கே நிற்பது, எங்கே நடந்துவிடுவது என்பது தானாகவே முடிவாகிவிடும்.

நிற்க வேண்டிய முதல் இடம் பிசானெல்லோ கூடம். 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிசானெல்லோ அங்கே ஆர்தர் மன்னன் கதையிலிருந்து வீரர்கள் மோதும் போட்டிக் காட்சி ஒன்றை வரையத் தொடங்கி, முடிக்காமல் விட்டார். 1480இல் அந்தக் கூடத்தின் கூரை இடிந்தது. பிறகு சுவர்மேல் காரை ஏறியது, அதன்மேல் இன்னொரு காரை. படம் இருப்பதே மறந்துபோயிற்று. 1960களில்தான் காரையைச் சுரண்டி வெளியே எடுத்தார்கள். அப்போது வண்ணப் படலத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தபோது, அடியில் செம்மண் நிறத்தில் ஓவியர் போட்டிருந்த கோட்டுப் படம் தெரிந்தது. இதைச் சினோப்பியா என்பார்கள். அதையும் தனியே எடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குதிரையின் கால் எங்கே மாறியிருக்கிறது, எந்த வீரன் விடுபட்டான் என்று தேடலாம். முடிந்த ஓவியத்தில் கிடைக்காத வாய்ப்பு இது. பாதி வேலைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது எல்லோரும் கேள்விப்பட்ட அறை. சான் ஜோர்ஜோ கோட்டையின் வடகிழக்குக் கோபுரத்தில், முதல் தளத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் காமெரா பிக்தா என்று இருக்கும், புத்தகங்களில் காமெரா தெல்யி ஸ்போசி என்று இருக்கும். இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம். சுமார் எட்டு மீட்டர் சதுர அறை. ஆந்திரேயா மாந்தேன்யா 1465இல் தொடங்கி 1474இல் முடித்தார். தொடங்கிய தேதியை ஜன்னல் ஓரத்தில் பளிங்கில் கீறியதுபோலத் தூரிகையால் எழுதிவைத்திருக்கிறார்: 1465, ஜூன் 16. முடித்த ஆண்டு, கதவுக்கு மேலே சிறகு முளைத்த குழந்தைகள் தாங்கிப் பிடித்திருக்கும் பலகையில் இருக்கிறது. அந்தப் பலகைக்கு வலப்பக்கத் தூணில், இலைக்கொடி வேலைப்பாட்டுக்குள் ஒரு மனித முகம் ஒளிந்திருக்கும். ஓவியர் தன் முகத்தையே அங்கே வைத்துவிட்டார். சொல்லாமல் விட்டால் யார் கண்ணுக்கும் படாது.

நான்கு சுவரில் இரண்டில் திரை மூடியிருக்கிறது, இரண்டில் விலகியிருக்கிறது. திரையும் ஓவியம்தான், கம்பியும் ஓவியம்தான். வடக்குச் சுவரில் கணப்படுப்புக்கு மேலே அன்றைய ஆட்சியாளர் லுதோவிகோ கொன்சாகா கையில் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே மனைவி பார்பரா, சுற்றிலும் பிள்ளைகள், அரசவையினர், ஒரு குள்ளப் பெண்மணி, நாற்காலிக்கு அடியில் நாய். நிஜமான கணப்படுப்பின் மேல்விளிம்பையே படத்தில் உள்ளவர்கள் நிற்கும் மேடையாக்கியிருப்பதைக் கவனியுங்கள். மேற்குச் சுவரில், கார்டினலாகிவிட்ட மகன் பிரான்செஸ்கோவைத் தந்தை சந்திக்கிறார்.

இந்த இரண்டு சுவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேற்குச் சுவர் தெளிவாக இருக்கும், வடக்குச் சுவர் தேய்ந்து மங்கியிருக்கும். காலம் ஒன்றுதான், கை ஒன்றுதான். வேலைமுறைதான் வேறு. மேற்குச் சுவரில் பெரும்பாலும் ஈரச் சுண்ணாம்புக் காரைமேல் வண்ணம் வைத்தார். ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் காரை பூசி, அது காய்வதற்குள் முடித்துவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகும்போது வண்ணப்பொடியும் அதற்குள் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாள் வேலைக்கும் இடையில் ஒரு மெல்லிய தையல்கோடு விழும், பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். வடக்குச் சுவரில் பெரும்பகுதி காய்ந்த காரைமேல் பசை கலந்த வண்ணம். அவசரமில்லாமல் நகையின் மணி, துணியின் இழை வரை நுணுக்கமாகத் தீட்டலாம். ஆனால் வண்ணம் மேலே ஒட்டியிருப்பதோடு சரி. ஈரம் ஏறினால் உரியும். ஏரிக்கரை ஊர், தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறும், கூடவே உப்பும் ஏறும். உப்பு படிகமாகும்போது வண்ணத்தை உள்ளிருந்து தள்ளிவிடும். நாம் விடுகிற மூச்சும் ஈரம்தான். அதனால்தான் இந்த அறைக்குள் சிறுசிறு குழுவாக, சில நிமிடங்களுக்கு மட்டும் விடுகிறார்கள். காவலாளி விரட்டுகிறார் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை.

மேற்குச் சுவர்க் கூட்டத்தில் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக்கும் டென்மார்க் மன்னரும் நிற்பதாகக் கருதுகிறார்கள். அந்தச் சந்திப்பில் அவர்கள் இருந்ததே இல்லை. மான்டோவாவின் கௌரவத்துக்காகச் சேர்த்தது. இதைக் கேள்விப்பட்ட மிலான் பிரபு கலெயாட்சோ ஸ்போர்ட்சாவுக்கு ஒரே ஆத்திரம். உலகத்திலேயே மோசமான இரண்டு பேரை வரைந்துவிட்டு என்னை விட்டுவிட்டார்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். லுதோவிகோ படைத்தலைவராகச் சம்பளம் வாங்கியது மிலானிடம்! கல்யாண வீட்டு வரவேற்புப் பலகையில் பெயர் விடுபட்ட சம்பந்தி கதைதான்.

கடைசியாக நிமிர்ந்து பாருங்கள். விதானத்தின் நடுவில் வட்டமாக வானம் திறந்திருக்கும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பெண்கள் குனிந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். குண்டுக் குழந்தைகள், ஒரு மயில், ஒரே ஒரு கழியின்மேல் நிற்கும் செடித்தொட்டி. கழியை யாராவது நகர்த்தினால் தொட்டி நம் தலையில்தான் விழும். அறையின் நட்டநடுவில் நின்றால்தான் இது சரியாகத் தெரியும், ஓரத்துக்குப் போனால் உருவங்கள் சப்பையாகிவிடும். சுற்றியுள்ள தங்க மொசைக்கும் பளிங்குச் செதுக்கலும்கூட வெறும் வண்ணமே. கூரை உண்மையில் அவ்வளவு உயரமும் இல்லை. கிடைக்கிற நிமிடங்களில் முதல் பாதியைச் சுவருக்கும் மறுபாதியைக் கூரைக்கும் ஒதுக்குங்கள். படிக்க வேண்டியதை வெளியிலேயே படித்துவிட்டுப் போங்கள். உள்ளே கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். வில்லாளர் கூடத்தில் ரூபென்ஸ் வரைந்த பெரிய படம் இருக்கிறது. பரிசுத்த திரித்துவத்தைக் கொன்சாகா குடும்பம் வணங்கும் காட்சி, 1605. மான்டோவாவின் யேசு சபைக் கோயிலுக்காக வரைந்தது. நெப்போலியன் காலத்தில் அதைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள். மிஞ்சியதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், வெட்டுக்காயம் நன்றாகத் தெரியும். திரைச்சீலை அறைகளில் ஓவியர் ரஃபேல் வரைந்த மாதிரிகளைக் கொண்டு பிரஸ்ஸல்ஸில் நெய்த ஒன்பது படச்சீலைகள். 1866இல் ஆஸ்திரியர்கள் வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள், முதல் உலகப் போருக்குப் பிறகு திரும்பி வந்தன. போனது திரும்பி வந்தது இங்கே அபூர்வம். குள்ளர் அறைகள் என்று காட்டப்படும் தாழ்ந்த அறைகளும் குட்டிப் படிக்கட்டும் குள்ளர்களுக்காகக் கட்டியவை அல்ல. ரோமில் லாத்தரன் கோயிலருகே உள்ள புனிதப் படிக்கட்டின் சிறிய நகல். வழிகாட்டி பழைய கதையைச் சொன்னால் சிரித்துக்கொண்டு நகருங்கள். இசபெல்லாவின் தரைத்தள அறைகளில் படங்கள் இல்லை, ஆனால் தங்கப்பூச்சு மரவிதானத்தில் அவர் தேர்ந்தெடுத்த சின்னங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் ஒன்று இசையில் மௌனத்தைக் காட்டும் குறிகள். இதே அரண்மனையில்தான் 1607 பிப்ரவரியில் இசையமைப்பாளர் மொன்தெவெர்தியின் ஓர்ஃபேயோ என்ற ஆபெரா, அதாவது இசை நாடகம், முதன்முதலாக அரங்கேறியது.

இனி போகிற வழி. வெரோனாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி, மிலானிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி. பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம். நிலையத்திலிருந்து அரண்மனை இருக்கும் சொர்தெல்லோ சதுக்கத்துக்கு இருபது நிமிட நடை. இணையத்தில் அரண்மனை டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரை இருமுறை பாருங்கள். வெனிஸ், உர்பீனோ, ஜெனோவா எல்லாவற்றிலும் பலாட்சோ துகாலே உண்டு, தேடினால் வெனிஸ்தான் முதலில் வந்து நிற்கும். மான்டோவாவிலேயே பலாட்சோ தே என்ற இன்னொரு அரண்மனையும் இருக்கிறது, அதற்கு டிக்கெட் தனி. காமெரா பிக்தாவுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்துவிட்டு, மற்ற அறைகளை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரமாவது வேண்டும். எல்லா அறையும் எல்லா நாளும் திறந்திருக்காது. 2012 மே மாத நிலநடுக்கங்களில் அடிபட்ட கோட்டையில் இந்த அறை 2015 ஏப்ரல் வரை மூடியே கிடந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், ஆகவே அன்று போகாதீர்கள். ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. சின்ன பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள், விதானம் அத்தனையும் கைக்குள் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கமும் கொசுவும், குளிர்காலத்தில் மூடுபனி. ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது.

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஊரில் தங்கினால் அந்த நாளை வீணாக்க வேண்டாம். வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே என்ற ஊர் இருக்கிறது. கொன்சாகாக்களின் ஒரு கிளை அதை ஆண்டது. யேசு சபைப் புனிதர் அலோசியஸ் கொன்சாகா 1568இல் அங்கேதான் பிறந்தார். 1680இல் அதே ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கியும் யேசு சபையில் சேர்ந்து, கொன்சாகா ஆட்சி முடிந்த சில ஆண்டுகளில் நம் நாட்டுக்கு வந்தார். நமக்கு அவர் வீரமாமுனிவர். அவர் புறப்பட்டபோது மான்டோவா யேசு சபைக் கோயிலில் ரூபென்ஸ் படம் வெட்டுப்படாமல் முழுதாக இருந்தது. காஸ்திலியோனேக்கு ரயில் கிடையாது, மான்டோவாவிலிருந்து பஸ்தான். ஞாயிறில் பஸ் குறைவு, திங்களில் அந்தத் தொல்லை இல்லை. காலையிலேயே கிளம்பிவிடுங்கள், அலோசியஸ் தேவாலயத்தை இத்தாலியக் கோயில்களின் வழக்கப்படி மதியத்தில் சாத்திவிட்டுப் பிற்பகலில்தான் திறப்பார்கள்.