வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானலுக்கு எப்படிப் போவது என்று கேட்டால் வத்தலக்குண்டு, காட்ரோடு, பெருமாள்மலை என்று பஸ் போகிற வழியைத்தான் சொல்வோம். அந்த மலைச்சாலை வந்து நூறு வருஷம் சொச்சம்தான் ஆகிறது. அதற்கு முன்பு பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்திலிருந்து நடைதான். 1821-இல் கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தில் தங்கி, அங்கிருந்துதான் மேலே ஏறினார். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மூட்டை முடிச்சுகள் ஆள் சுமையாகத்தான் மலையேறின.

அந்த நடைபாதை இன்னும் இருக்கிறது. மேலே கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி, வெள்ளகவிக்கு இறங்கி, அங்கிருந்து கும்பக்கரை அருவிக்குப் போகிறது. கும்பக்கரைக்குக் குளிக்கப் போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பெரியகுளத்திலிருந்து வண்டியில் போய், யானை கஜம், பாம்பு கஜம் என்று பெயர் வைத்த பாறைக்குழிகளைப் பார்த்துவிட்டு, ஆசை தீரக் குளித்துவிட்டு வந்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் வருகிற மலையிலிருந்து இறங்கி அருவிக்கு வருகிற வழியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

டால்பின் மூக்கு வரை ஒரே கூட்டம். மாங்காய்க் கீற்று, சோளக்கதிர், செல்போன் படம் என்று கலகலப்பாக இருக்கும். அதைத் தாண்டியதும் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். வெள்ளகவி எல்லைக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊரையே கோவிலாக நினைக்கிறார்கள். நாமும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய காப்பி, வாழை, எலுமிச்சை எல்லாம் ஒன்று குதிரை முதுகில் போகும், இல்லையென்றால் மனிதத் தலையில். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் டோலி கட்டித் தூக்குவார்கள். சாலை வேண்டும் என்று அந்த மக்கள் நீண்டகாலமாகக் கேட்பது முழுக்க நியாயம். நடைபாதை மேல் ஆசை வைத்திருக்கிற நான் இதைச் சொல்லாமல் போகக்கூடாது.

வெள்ளகவிக்குக் கீழேதான் பாதை மூடிக் கிடக்கிறது. மூடியிருப்பது முக்கால்வாசி உண்ணிச்செடி. உங்கள் ஊர் வேலி ஓரத்திலும் இருக்கும். ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கொத்துப் பூ, கசக்கினால் ஒரு காட்டமான வாடை. இது நம் மண்ணின் செடி அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகத் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார்கள். பழத்தைக் கொண்டைக்குருவி தின்று காடெல்லாம் விதை போட்டுவிடுகிறது. அடர்ந்த சோலை நிழலில் உண்ணி செழிக்காது, அதற்கு வெயில் வேண்டும். பாதை என்றாலே மரம் விலகி வெளிச்சம் விழுகிற இடம்தானே? ஆகவே பாதையோரத்தில்தான் முதலில் வந்து உட்காரும். தினமும் ஆள் நடந்தால் முளை மிதிபட்டுச் சாகும். ஆள் வரத்து நின்றால் இரண்டு மூன்று மழைக்காலத்திலேயே இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும்.

இதை மேலோட்டமாக வெட்டுவதில் பயனே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், பயனே இல்லை. வெட்டின இடத்தில் ஒரு தண்டுக்கு நாலு தண்டாகத் தழைக்கும். மண்ணுக்குக் கொஞ்சம் கீழே, வேரும் தண்டும் சேர்கிற இடத்தில் வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். பாதை சுத்தம் செய்கிறோம் என்று ஆர்வத்தோடு வருகிற இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்கிறேன், இன்றைக்கு வானொலியிலும் சொல்லிவிட்டேன்.

சரி, மூடிப்போன பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்த மலைக்காரர் ஒருவர், வயதானவர். ஒரு புதர் முன்னால் நான் நின்று அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். "கண்ணால தேடாதீங்க தம்பி, காலால தேடுங்க" என்றார். "கால் வச்சா மெத்துன்னு அமுங்குதா, அது காடு. கெட்டியா இருக்கா, அதுதான் பாதை." நூற்றுக்கணக்கான வருஷம் சுமையோடு மிதித்து இறுகிய மண், மேலே இலை எவ்வளவு விழுந்தாலும் அடியில் கெட்டியாகவே இருக்கும். அப்புறம், அவர் அடிக்கடி நின்று அரிவாளால் தரையைத் தட்டிப் பார்த்தார். சில இடத்தில் ணங் என்று சத்தம் வரும். சருகுக்குக் கீழே பழைய படிக்கல். சருகை விலக்கினால் நடு தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஓர் இடத்தில் பாதை நடுவில் காட்டுமாட்டுச் சாணி கிடந்தது. "பாத நமக்கு மட்டுமில்ல, அதுக்குந்தான்" என்று சொல்லிவிட்டு, நின்று காது கொடுத்துக் கேட்டு, பிறகுதான் நடந்தார். நானும் அன்றிலிருந்து வளைவு வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே, பெரியகுளம் 300 மீட்டர்கூட இல்லை. அதனால் ஒரே நடையில் குளிர்ந்த சோலை, காப்பித் தோட்டம், வறண்ட காடு, கடைசியில் அடிவாரத்து மாந்தோப்பு என்று எல்லாம் வந்துபோகும். இதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் குறைவாக இருக்கிறது. வழியில் காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைக்கு உப்பும் புகையிலையும் போதும்.

முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் இந்தக் காட்டில் கால் வைக்கவே கூடாது. அருவிக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். மேலே கொடைக்கானலில் மழை பெய்தால் கீழே கும்பக்கரையில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், துணியைக்கூட எடுக்க நிற்காமல் உடனே கரையேறிவிடுங்கள். பிள்ளைகளை முதலில் ஏற்றுங்கள். வணக்கம்.