ஆட்டம், சட்டம், ஓட்டம்

(எங்கள் ஊர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, கோர்ட் வேலையை முடித்த கையோடு வந்திருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, கால்பந்துக் கழகச் செயலாளர் அண்ணன் அவர்களே, பின்வரிசையில் ஜெர்சியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் துண்டு போர்த்தியதற்குத் தனி நன்றி. பொன்னாடை பீரோவில்தான் தூங்கும். துண்டு என்றால் தலை துவட்டவாவது ஆகும். கவுன்சிலர் அம்மாவுக்கு இன்னும் இரண்டு நிகழ்ச்சி இருக்கிறதாம். அவர் கிளம்புவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்லத்தான் ஆசை. என் பழக்கம் உங்களுக்குத் தெரியும்.

ஆலன் பேஜ் என்று ஒருவர். 1945-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். அவரைப் பற்றி மூன்று செய்தி சொல்கிறேன்: ஆட்டம், சட்டம், ஓட்டம்.

முதலில் ஆட்டம். அங்கே கால்பந்து என்று பெயர்தானே தவிர, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். பந்தும் உருண்டை இல்லை, இரண்டு முனையும் கூர். பேஜ் நின்றது தடுப்பாட்டத்தின் முன்வரிசை. எதிரே மலை மாதிரி ஓர் ஆள் நிற்பான். அவனைத் தள்ளிக்கொண்டு போய்ப் பந்து வைத்திருப்பவனைச் சாய்க்க வேண்டும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோம். அங்கே அம்மி திருப்பி அடிக்கும். 1967 முதல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி, 1978-இலிருந்து 1981 வரை சிகாகோ பேர்ஸ். 1971-இல் அந்த அணிகள் மோதும் தேசிய லீகின் மிகச் சிறந்த வீரர் விருது; தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. நான்கு முறை சூப்பர் பவுல் இறுதி ஆட்டம், நான்கிலும் தோல்வி. சுண்டுவிரல் மூட்டு விலகி விலகி, கடைசியில் மடக்கிய ஆணி மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

கேன்டனில்தான் அந்த ஆட்டத்துக்கான புகழரங்கம் இருக்கிறது. அதைக் கட்டும்போது வேலைக்குப் போன உள்ளூர்ப் பையன்களில் பேஜும் ஒருவர். 1988-இல் அதே கட்டடத்தில் அவரையே சேர்த்துக் கௌரவித்தார்கள். அந்த மேடையில் பழைய பயிற்சியாளர் யாராவது வந்து அறிமுகம் செய்வது வழக்கம். இவர் மினியாபொலிஸ் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரைக் கூப்பிட்டார்! பேசும்போது கோப்பையைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் பயிற்சியாளர், ஆட்ட உத்திகள் எழுதிய புத்தகத்தை ஆளுக்குக் கொஞ்சமாக உரக்க வாசிக்கச் சொன்ன கதையைச் சொன்னார். சிலர் சரளமாக வாசித்தார்களாம். சிலர் எழுத்துக் கூட்டினார்களாம். சிலரால் வாசிக்கவே முடியவில்லை. எல்லாரும் கல்லூரி வரை போய் வந்தவர்கள்!

அந்த அறையை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அஞ்சாமல் மோதுகிற ஆள், ஒரு பக்கத் தாளைப் பார்த்து வியர்த்துப் போகிறான். எனக்கு இது அமெரிக்கக் கதையாகப் படவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு கோல்கீப்பர் இருந்தான். தமிழ் ஐயா வரிசையாக வாசிக்கச் சொல்வார். இவன் முறை வருவதற்கு இரண்டு பெஞ்சு முன்னாலேயே எழுந்து, “ஐயா, தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்பான். ஐயாவும் விட்டுவிடுவார், மாவட்டப் போட்டிக்கு அவன் வேண்டுமே. மூன்று வருஷம் அவனுக்குத் தாகம் அடங்கவே இல்லை. பத்தாவது தாண்டவில்லை. போன மாதம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். நூலக நேரத்தை நீட்டச் சொல்லி நாம் எழுதிய மனுவை நீட்டினால், “கண்ணாடிய வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன், நீயே படிச்சுச் சொல்லு” என்கிறான். அவன் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

சரி, சட்டம். பேஜ் முதலில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து மூன்றே வாரத்தில் ஓடி வந்தவர். அடி மேல் அடி என்று மறுபடி போனார். களத்தில் ஆடிக்கொண்டே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்து 1978-இல் சட்டப் பட்டம் வாங்கினார். அதே ஆண்டுதான் வைக்கிங்ஸ் அவரை 100 டாலர் விலைக்கு விட்டுக்கொடுத்தது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனி உச்ச நீதிமன்றம் உண்டு; மின்னசோட்டாவில் அதன் நீதிபதியையும் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992-இல் இவர் நிற்கப் பார்த்தபோது, இருக்கும் நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டிவிட்டார், தேர்தலே இல்லை. வழக்குப் போட்டார். வழக்கு அதே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சக நீதிபதி சம்பந்தப்பட்டது என்பதால் அங்கிருந்த நீதிபதிகள் ஒதுங்கிக்கொள்ள, வேறு நீதிபதிகள் கூடி விசாரித்தார்கள். பேஜ் பக்கம் தீர்ப்பு. அப்புறம் தேர்தல், வெற்றி, 1993-இல் பதவி. அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 70 வயதில் கட்டாய ஓய்வு, 2015 வரை இருந்தார். வழக்கறிஞர் சங்கத் தலைவர் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

எனக்குப் பிடித்தது வேறு. 1988-லேயே கல்வி அறக்கட்டளை தொடங்கினார். அதில் உதவித்தொகை வாங்கும் மாணவர்கள், தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பில் துணை நிற்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

நம் பிள்ளைகள் மைதானத்தை விட்டு வெளியே வர மணி ஆறரை. நம் கிளை நூலகம் ஆறு மணிக்குப் பூட்டு. எட்டு வரை திறந்து வையுங்கள் என்று இரண்டு மனு கொடுத்தாயிற்று; அம்மி அசையவில்லை. இது மூன்றாவது அடி. கூடுதல் ஆள் சம்பளம் பிரச்சினை என்றால், எங்கள் வட்டத்தில் முறை வைத்து உட்காரப் பதினோரு பேர் தயார். ஒரு முழு அணி.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதற்குள் தலைவர் ஐயாவிடமிருந்து சீட்டு வந்துவிட்டது. களத்தில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே 1979-இல் முழு மாரத்தான் ஓடி முடித்தவர் பேஜ். மீதியை அடுத்த ஆண்டு விழாவில் வைத்துக்கொள்வோம்.

வாசலில் மேசைமேல் மனுவுக்குக் கையெழுத்துப் போட நீள நோட்டு இருக்கிறது, பேனாவை நூல் கட்டி வைத்திருக்கிறோம். முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். கவுன்சிலர் அம்மா, நீங்களும் அந்த வாசல் வழியாகத்தானே போக வேண்டும்? வேறு கதவு இன்றைக்குப் பூட்டியிருக்கிறது.