ஆப் தேடுகிறது, ஸ்பீக்கர் சிக்கவில்லை

வணக்கம். வைஃபை ஸ்பீக்கரைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தில் கூப்பிட்டார்கள். அதை ரேடியோவில் பேசுவதில் எனக்கு ஒரு குறும்புச் சந்தோஷம் உண்டு. இதை ரேடியோப் பெட்டியில் கேட்பவர்களுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம், ஆப் வேண்டாம், குமிழைத் திருகினால் போதும், பாடும்.

வீடுகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்த விஷயமாகக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "ஸ்பீக்கர் வாங்கினேன் சார், ஆப் தேடிக்கிட்டே இருக்கு, கிடைக்கலங்குது. நெட் ஸ்பீடு பத்தலையோ, பிளானை மாத்திரட்டுமா?" மாற்றாதீர்கள். நல்ல தரமான எம்பி3 பாட்டுக்கு நொடிக்கு 320 கிலோபிட் போதும். சிடி தரத்துக்கே 1,411 கிலோபிட்தான், ஒன்றரை எம்பிபிஎஸ் கூட ஆகாது (ஆயிரம் கிலோபிட் சேர்ந்தால் ஒரு எம்பிபிஎஸ்). 40 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன் வைத்திருப்பவர் 200க்குப் போனாலும் அந்த ஆப் அதேபோலத் தேடிக்கொண்டுதான் இருக்கும். கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளே, போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் ஸ்பீக்கர் எப்படி வைஃபைக்குள் நுழைகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேதான். புது ஸ்பீக்கருக்கு உங்கள் வைஃபை பெயரும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. அதனால் பல மாடல்கள் ஆன் ஆனதும் தற்காலிகமாகத் தாங்களே ஒரு வைஃபையைப் பரப்பும், சில மாடல்கள் புளூடூத் வழியாகப் பேசும். போன் அதில் சேர்ந்து வீட்டு வைஃபை விவரத்தைச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் அதை வாங்கிக்கொண்டு தன் வைஃபையை அணைத்துவிட்டு ரவுட்டரில், அதாவது வீட்டு வைஃபை பெட்டியில், போய்ச் சேரும், போனும் திரும்பி வர வேண்டும். இந்த இடைவெளியில் போன் என்ன செய்கிறது தெரியுமா? ஸ்பீக்கர் பரப்பும் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுபிடித்து, உங்களைக் கேட்காமலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. ஆகவே செட்டப் முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள், விபிஎன் (போனின் நெட்டை வேறு வழியாகச் சுற்றிவிடும் ஆப்) ஏதாவது ஓடினால் அதையும். ஆண்ட்ராய்டு போனில் லொகேஷனை ஆன் செய்து, ஆப் கேட்கும் அனுமதியைக் கொடுங்கள், பக்கத்தில் என்ன வைஃபை இருக்கிறது என்று பார்க்க அந்த அனுமதி தேவைப்படுகிறது. ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் "லோக்கல் நெட்வொர்க்" என்று ஓர் அனுமதி கேட்கிறார்கள். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் அந்த ஆப்புக்கு ஸ்பீக்கர் கண்ணிலேயே படாது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் போனால் மாற்றலாம்.

இதெல்லாம் சரி, இன்னும் கிடைக்கவில்லை என்றால், உங்கள் வீட்டில் எத்தனை வைஃபை பெட்டி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் போகும் வீடுகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். ஃபைபர் கொடுத்தவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், அதிலேயே வைஃபை வரும். மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று நீங்கள் கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதற்குக் கேபிள் இழுத்திருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. பார்க்க ஒரே வைஃபை, உள்ளே இரண்டு தனித்தனி நெட்வொர்க். ஸ்பீக்கர் கீழே, போன் மேலே. ஆப் ஸ்பீக்கரைத் தேடும் விதம் தெருவில் பூக்காரர் குரல் கொடுப்பது மாதிரி, அந்தத் தெருவில் இருக்கிறவர் வெளியே வந்து பதில் சொல்வார், அடுத்த தெருவுக்குக் கேட்காது. ரவுட்டர் அந்தக் குரலை ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தாது.

கண்டுபிடிப்பது சுலபம். கீழே நின்று போனின் வைஃபை விவரத்தில் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க் அந்தப் போனுக்குக் கொடுத்திருக்கும் முகவரியை, பாருங்கள். 192.168.1 என்று ஆரம்பிக்கிறதா? மாடிக்குப் போய் வைஃபையை அணைத்துத் திரும்ப ஆன் செய்து பாருங்கள். அங்கே 192.168.0 என்று ஆரம்பித்தால் உங்களுக்கு இரண்டு நெட்வொர்க், சந்தேகமே வேண்டாம். இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்ஸில் "ஆக்சஸ் பாயின்ட் மோடு" (தனி நெட்வொர்க் போடாமல் முதல் பெட்டியின் நெட்வொர்க்கையே பரப்பும் முறை) இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள், முடிந்தது. இல்லாவிட்டால் அதன் ஐபி எண்ணை முதல் பெட்டியோடு மோதாத மாதிரி, உதாரணத்துக்கு 192.168.1.2 என்று மாற்றி (அந்த எண் வேறு எதற்கும் போயிருக்கக் கூடாது), அதில் டிஎச்சிபியை (சேருகிறவற்றுக்கு ஐபி எண் கொடுக்கும் வேலை) அணைத்து, வெளியிலிருந்து நெட் வாங்கும் வான் (WAN) துளையில் செருகியிருக்கும் கேபிளைப் பிடுங்கி, வீட்டுக்குள் நெட் கொடுக்கும் லேன் (LAN) துளை ஒன்றில் செருகுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, கெஸ்ட் வைஃபை, விருந்தாளிகளுக்கென்று ரவுட்டர் தனியாகப் பரப்புவது. பாதுகாப்புக்காக ஸ்பீக்கரை அதில் போடுகிறவர்கள் உண்டு, யோசனை நல்லதுதான். ஆனால் கெஸ்டில் இருப்பது எதுவும் மற்றதைப் பார்க்கக் கூடாது என்பதே அதன் வேலை, அதனால் போனும் பார்க்காது. சில ரவுட்டர்களில் "ஏபி ஐசொலேஷன்" என்ற ஒன்று, வைஃபையில் சேர்ந்தவை ஒன்றையொன்று பார்க்க விடாதது, மெயின் வைஃபையிலேயே ஆன் ஆகி உட்கார்ந்திருக்கும், அதை அணைக்க வேண்டும்.

அப்புறம் இந்த 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் குழப்பம். இவை வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகள், பேண்டு என்பார்கள். போனும் ஸ்பீக்கரும் ஒரே பேண்டில் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வழக்கமான ரவுட்டரில் அது தேவையே இல்லை. இரண்டு பேண்டும் ஒரே பெட்டியின் ஒரே நெட்வொர்க், போன் 5இல் இருக்கலாம், ஸ்பீக்கர் 2.4இல் இருக்கலாம், பாட்டு வரும். செட்டப் நேரத்தில் மட்டும் 2.4 மட்டுமே தெரிந்த சில மாடல்கள் முரண்டு பிடிக்கும். அப்போது 5ஐக் கொஞ்ச நேரம் அணைத்து, வேலை முடிந்ததும் ஆன் செய்துகொள்ளுங்கள்.

பாட்டு ஓடுகிறது, ஆனால் நடுவில் நின்று நின்று வருகிறது என்றால் அது வேறு கதை. 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் கூட்டம் போடுகின்றன. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ரவுட்டர் செட்டிங்ஸில் 2.4இன் சேனலை, அதாவது அந்தப் பேண்டுக்குள் இருக்கும் தடத்தை, 1, 6, 11 இந்த மூன்றில் காலியாக இருப்பதற்கு மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். கண்ணாடி பதித்த இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டர் இருந்தால் எந்த சேனலும் உதவாது, பெட்டியை நகர்த்துங்கள்.

ரவுட்டரை மாற்றும்போது பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே புதியதிலும் வைத்தால் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் தானாக வந்து சேரும். அப்படியும் வரவில்லையா, புது ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 (WPA3) மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய ஸ்பீக்கர்களுக்கு அது புரியாது, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு காணாமல் போனால் முதலில் ஃபைபர் பெட்டி முழுதாக எழுந்திருக்கட்டும், பிறகு ஸ்பீக்கரை அணைத்துப் போடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், ஃபைபர் பெட்டியின் பின்னால் குண்டூசி விடும் ரீசெட் துளை இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். அணைத்து ஆன் செய்வது வேறு, அந்த ரீசெட் வேறு. கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் உள்ளே போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அதில் அழிந்துபோகலாம், அப்புறம் அவர்களுடைய ஆள் வரும்வரை வீட்டில் யாருக்கும் நெட் இருக்காது, பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவருக்கு வீட்டில் நல்ல பெயரும் இருக்காது.

ஸ்பீக்கரே பழுதோ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, இன்னொரு போனை அதில் சேர்த்து, அந்த இரண்டாவது போனிலிருந்து செட்டப் செய்து பாருங்கள். ஹாட்ஸ்பாட் 2.4இல் இருக்க வேண்டும், ஐபோன் என்றால் "மேக்சிமைஸ் காம்பாட்டிபிலிட்டி" என்பதை ஆன் செய்தால் அது நடக்கும். அங்கே பாடிவிட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ரவுட்டரைப் பாருங்கள். அங்கேயும் பாடவில்லை, வேறு போனில் முயன்றும் பாடவில்லை என்றால் பில்லோடு கடைக்குப் போங்கள், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள். வணக்கம்.