நன்றிக்கு விவரம் வேண்டும்

(எங்கள் பள்ளியில் 1974-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களின் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நம்மை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியப் பெருமக்களே, நண்பர்களே, அவர்களோடு வந்து காலையிலிருந்து பொறுமையாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

இதுவரை பேசிய அத்தனை பேரும் புளியமரத்தைச் சொன்னார்கள். கமர்கட்டைச் சொன்னார்கள். மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைச் சொன்னார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புளியமரத்தடியில் நின்றது யார் என்று பார்த்தால், ஒவ்வொரு பேச்சிலும் பேசியவரே நிற்கிறார். முட்டி வலிக்காமல், சர்க்கரை பார்க்காமல், தலை நிறைய முடியோடு நிற்கிறார். நாம் ஏங்குவது பாதிக்குமேல் நமக்காகத்தான். ஏங்கிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? அதை நண்பர்களுக்குச் சொன்ன நன்றி என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கட்சி.

நட்பு என்றால் பிசிராந்தையாரை அழைத்து வருவது மேடை வழக்கம். பாவம், அவரைப் பட்டிமன்றம் தோறும் வடக்கிருக்க வைத்துவிட்டோம். இன்றைக்கு ஒரு நாள் அவருக்கு ஓய்வு கொடுப்போம். நான் சொல்லப்போவது நமக்கு இன்னும் கிட்டத்தில் இருந்த ஒருவரை: உத்தமதானபுரம் சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்றதும் ஓலைச்சுவடி மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. எனக்கு அவர் இன்னொரு வகையிலும் பெரியவர். நன்றிக் கணக்கு எழுதுவதில் அவரைப்போல் ஒரு கணக்குப்பிள்ளை தமிழில் இல்லை.

'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940-இல் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. பெயர்தான் 'என்' சரித்திரம். புரட்டிப் பாருங்கள், உள்ளே முழுக்கப் பிறர் சரித்திரம். யார் வீட்டில் சாப்பாடு, யார் வாங்கிக் கொடுத்த துணி, யார் சொல்லிக் கொடுத்த பாட்டு என்று அறுபது, எழுபது வருஷத்துக்கு முந்திய செய்திகள் ஆள் பெயரோடும் ஊர் பெயரோடும் வருகின்றன. 'பலர் எனக்கு உதவினார்கள்' என்று ஒரே வரியில் கடந்து போகிற பழக்கம் அந்த மனிதரிடம் இல்லை.

அதில் ஓர் இடம். 1876 பிப்ரவரி 1, திருவாவடுதுறை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கண்மூடும் வேளை. அருகில் இருக்கும் மாணவர்களில் ஒருவர் சவேரிநாத பிள்ளை. அவர் கிறிஸ்தவர். சைவப் புலவரான ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சாமிநாதையர் திருவாசகத்தை எடுத்து அடைக்கலப் பத்தைப் படிக்கிறார். மாணவர்களுக்குள் யார் எந்தச் சாதி, யார் எந்த மதம் என்று ஊரே கணக்குப் பார்த்த காலம் அது. தம்மோடு படித்தவரின் கைகளுக்கு அந்த வரலாற்றில் எந்த இடம் உண்டோ, அந்த இடத்தைக் குறைக்காமல் கொடுத்திருக்கிறார் ஐயர். 'நான் திருவாசகம் படித்தேன்' என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் கேட்க ஆள் கிடையாது.

ஆசிரியர் போன பிறகு, அதே ஆசிரியரிடம் முன்னால் படித்த தியாகராச செட்டியார் வருகிறார். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். கறாரான மனிதர். ஓய்வு பெறும் சமயத்தில், தம் நாற்காலியில் சாமிநாதையரை உட்கார வைக்க வேண்டும் என்று நினைக்கிறார். சும்மா நினைக்கவில்லை, அதற்காக அலைகிறார். திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்குச் சாமிநாதையரை விட மனமில்லை. அவரிடம் பேசிச் சம்மதம் வாங்குகிறார். கல்லூரியில் இருந்தவர்களிடம் எடுத்துச் சொல்கிறார். 1880-இல் வேலை கிடைக்கிறது. கும்பகோணம் போனதால்தான் சேலம் இராமசாமி முதலியாரின் பழக்கம். அவர் 'சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டதால்தான் சீவக சிந்தாமணித் தேடல். 1887-இல் பதிப்பு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. செட்டியார் ஒருவர் அன்றைக்கு நடையாய் நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. சாமிநாதையருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

செட்டியார் 1888-இல் காலமானார். பின்னால் ஐயர் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிப் பக்கம் வீடு வாங்கினார். வீட்டுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'தியாகராச விலாசம்'. நாம் சொந்த வீடு கட்டினால் அம்மா பெயர் வைப்போம், குலதெய்வத்தின் பெயர் வைப்போம், கடன் கொடுத்த வங்கியை மனத்துக்குள் திட்டுவோம். வேலை வாங்கிக் கொடுத்த நண்பர் பெயரை வாசலில் எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், சும்மா கேட்டேன். பெயரோடும் அவர் நிற்கவில்லை. செட்டியாரைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்த வீட்டை 2012-இல் இடித்துவிட்டார்கள். நம் ஊர் நன்றி உணர்ச்சிக்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு. அதை விட்டுவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் கோபம் வரும்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பல பேர் கட்சியால் பிரிந்திருக்கிறோம். முன்வரிசையில் இரண்டு பேர் பதினைந்து வருஷம் பேசாமல் இருந்து இன்றைக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்க்கிறேன். அவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராகவும் பெரியார் ஈரோட்டில் தலைவராகவும் இருந்த காலத்து நட்பு அவர்களுடையது. பிறகு இருவரும் எதிரெதிராக நின்று போட்ட சண்டை தமிழ்நாடே அறியும். 1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி மறைந்தார். தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்து அழுதார். உங்கள் வார்டு தேர்தல் தகராறு அதைவிடப் பெரிதா?

இனி என் கணக்கு. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் மட்டும் தப்பித்துப் போவது முறையில்லை.

பதினோராம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அவருக்கு வைத்த பெயர் வாயாடி. இன்று காலையில்கூட மூன்று பேர் மேடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். 'வகுப்பில் ஒரு நிமிஷம் வாயை மூடமாட்டான், தினமும் பெஞ்சு மேல் நிற்பான்' என்று. நின்றார், உண்மைதான். ஏன் நின்றார் என்பதை இப்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போதே கிட்டப்பார்வை. கரும்பலகை எனக்கு வெறும் கருப்பாகத்தான் தெரியும். எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. உயரமான பையன்கள் பின்வரிசை என்பது வகுப்பின் சட்டம். கண்ணாடி வேண்டும் என்று வீட்டில் கேட்கிற நிலைமை இல்லை. கண் தெரியாது என்று வெளியில் சொன்னால் படிப்பை நிறுத்தி மளிகைக் கடையில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம். அவர் மட்டும் கண்டுபிடித்தார். எப்படி என்றால், நான் அவருடைய நோட்டைப் பார்த்து எழுதுவேன். அவர் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், நான் அதையும் தப்பாக எழுதுவேன். ஒரு நாள் அல்ஜீப்ரா கணக்கில் இதைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பலகையில் வாத்தியார் எழுத எழுத, வாயை அதிகம் அசைக்காமல் எனக்குப் படித்துச் சொல்ல ஆரம்பித்தார். கணக்கு, பௌதிகம், ரசாயனச் சமன்பாடு, எல்லாம். வாத்தியார் திரும்பும்போது பேச்சு நிற்காது, ஏனென்றால் அவர் வரியை முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் எனக்குப் பாதிக் கணக்குத்தான் இருக்கும். பிடிபடுவார். 'என்னடா பேச்சு?' என்றால் 'சும்மா சார்' என்பார். உள்ளங்கையை நீட்டுவார். பிரம்படி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

பி.யு.சி. சேர்ந்த பிறகுதான் எனக்குக் கண்ணாடி வந்தது. அதற்குள் அவர் படிப்பை விட்டு அப்பாவின் சைக்கிள் கடையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ஜினீயர் ஆனேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் எனக்கு எண்பத்தேழு, அவருக்கு நாற்பத்தொன்று. கவனமெல்லாம் எனக்குச் சொல்வதில் போனால் சொல்பவர் மனத்தில் என்ன தங்கும்?

விழா மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். புளியமரத்தைப் பற்றி வேண்டிய மட்டும் வந்துவிட்டது, ஆசிரியர் குழுவில் இருப்பதால் சொல்கிறேன். இனிமேல் எழுதுகிறவர்கள் யார், என்ன செய்தார், எந்த வருஷம் என்று எழுதுங்கள். ஐந்து ரூபாய் என்றால் ஐந்து ரூபாய் என்றே எழுதுங்கள். 'ஏதோ உதவி' என்று எழுதாதீர்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி முதலில் எழுதுங்கள், அவர்களும் படிக்கட்டும்.

அடுத்துப் பேச இருப்பவர் அந்த வாயாடிதான். அதோ, இப்போதே கையை ஆட்டி மறுக்கிறார். அழைப்பிதழில் அவருக்கு ஐந்து நிமிஷம் என்று போட்டிருக்கிறார்கள். தலைவர் அவர்களே, தயவுசெய்து அவருக்கு மட்டும் மணி அடிக்காதீர்கள்.