116 குதிரை, 318 வளைவு: குட்டி மியாட்டால டிராகன் ரோடு போன கதை

வணக்கம் மக்களே, கேக்குதுங்களா? காத்து கொஞ்சம் ஜாஸ்தி, மைக்க சட்டைக்குள்ள சொருகி வச்சிருக்கேன், கரகரன்னு கேட்டா பொறுத்துக்கோங்க. இப்ப இருக்கறது நார்த் கரோலினாவுல ஃபொன்டானா வில்லேஜ்னு ஒரு எடம், ஸ்மோக்கி மலைக்கு பக்கத்துல, போன்ல ஒரு கோடு கூட சிக்னல் இல்ல. பின்னாடி பாருங்க, கேமராவ திருப்புறேன். செவப்பு, வெள்ளை, நீலம், அந்தா மரத்தடில ஒரு மஞ்சள். எல்லாமே ஒரே வண்டிதான். மாஸ்டா மியாட்டா. எம்எக்ஸ்-5ன்னு சொன்னா உங்கள்ல சில பேருக்கு புரியும்.

ஸ்போர்ட்ஸ் கார் ஓனர்ஸ் கூடுறாங்க, அங்க போறேன்னு சொன்னதும் ஃபெராரி வருமா லம்போர்கினி வருமான்னு ஆளாளுக்கு கேட்டீங்க. வராதுங்க. என்னோடது 1992 மாடல், 1.6 லிட்டர், 116 குதிரைசக்தி, அவ்ளோதான். எங்க வீட்ல புள்ளைங்கள ஸ்கூல்ல விடற மினிவேனுக்கு இத மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல பவர் இருக்கு. ஆனா இந்த வண்டி ஒரு டன்னு கூட கெடையாது, ரெண்டே சீட்டு, எஞ்சின் முன்னாடி, இழுக்கறது பின் சக்கரம், அதுலதான் விஷயமே இருக்கு. பாப் ஹால்னு ஒரு அமெரிக்க கார் பத்திரிகைக்காரர், ஜப்பான் பாஷை நல்லா தெரிஞ்ச மனுஷன், அவருதான் மாஸ்டா பெரியவர் கெனிச்சி யமமோட்டோ கிட்ட, பழைய பிரிட்டிஷ் ஓப்பன் கார் மாதிரி ஒண்ணு நீங்க ஏன் பண்ணக்கூடாதுன்னு கேட்டாராம். ஒடனே நடந்துடல, வருஷக்கணக்கா இழுத்து 1989ல சிகாகோ ஆட்டோ ஷோவுல வண்டிய காட்டுனாங்க. 2016ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துருச்சு. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்ல இவ்ளோ வித்தது வேற எதுவும் இல்ல, கின்னஸ்லயே இருக்கு.

சரி பயணத்துக்கு வர்றேன். நமக்கு ஜார்ஜியாவுல கம்மிங், நம்மாளுங்க நெறைய இருக்கற ஊரு, சூப்பர் மார்க்கெட்ல நின்னா நாலு பேரு தமிழ்ல பேசிட்டு போவாங்க. வெள்ளிக்கெழம காலைல கெளம்புனேன். வீட்டம்மாவ கூப்ட்டேன், "அந்த டப்பாக்குள்ள முட்டிய மடிச்சு உக்காந்துட்டு மூணு மணி நேரமா, நீங்களே போய்ட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு ஒரு டப்பா புளிசாதம் கட்டி கையில குடுத்துட்டாங்க. டலோனேகா தாண்டி மலை ஏறி, பிளேர்ஸ்வில், மர்ஃபி, எல்லாம் அந்த 129ஆம் நம்பர் ரோடுதான். வளைவுக்கு பேர் போன டிராகன் ரோடு, நான் கடைசியா போய் சேர வேண்டியது, அதுவும் இதே 129தான், அதாவது ஒரே ரோட்டப் புடிச்சிட்டு போய்ட்டே இருந்தா அதுவே பாம்பா மாறிடும்.

வழில எதுக்க ஒரு மியாட்டா வந்தா கைய தூக்கணும், அது இந்த கூட்டத்துல எழுதாத சட்டம். என் வண்டி மாதிரி மொதல் தலைமுறைன்னா ஹெட்லைட்டு மூடி தெறக்கும்ல, அத டக்குன்னு ஏத்தி எறக்குவாங்க, கண்ணடிக்கற மாதிரி இருக்கும். 1998க்கு அப்புறம் வந்த வண்டில அந்த லைட்டு கெடையாது, பாவம் அவங்க கை மட்டும் ஆட்டுவாங்க.

மர்ஃபி பக்கத்துல பெட்ரோல் போட்டுட்டு, வெயிலு நல்லா இருக்கே ரூஃப எறக்கிடலாம்னு ஒரே இழுப்பு. படக்குனு ஒரு சத்தம். இந்த வண்டில பின் கண்ணாடி கண்ணாடியே கெடையாது, பிளாஸ்டிக்கு, ரூஃப எறக்கறதுக்கு முன்னாடி அதோட ஜிப்ப கழட்டி படுக்க வைக்கணும். எத்தன வருஷமா வச்சிருக்கேன், எத்தன பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கேன், அன்னைக்கு மறந்துட்டேன். ஒரு சாண் நீளத்துக்கு கீறிக்கிச்சு. இதுல கொடும என்னன்னா ராபின்ஸ்வில் வர்றதுக்குள்ள மழை புடிச்சிருச்சு, ரூஃப் போட்டும் பின்னாடி சொட்டு சொட்டுன்னு, புளிசாதத்த மடில வச்சு காப்பாத்திட்டு வந்தேன்.

இங்க வந்து எறங்குனதும் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாரு ஒரு பெரியவரு. ஒஹையோவுல இருந்து வந்திருக்காரு, எழுவது வயசு இருக்கும். "ஜிப்ப மறந்துட்டியா?" இதான் மொத கேள்வி, பேரு கூட கேக்கல. டிக்கிய தெறந்தாரு பாருங்க, துணிமணி ஒரு சின்ன பைல, மிச்சம் பூரா ஸ்பேனரு, டேப்பு, ஹோஸு. உள்ள வெளிய ரெண்டு பக்கமும் துணியால தொடச்சு, காய வச்சு, டிரான்ஸ்பரன்ட் டேப்ப ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டி குடுத்தாரு. அதோட விட்டாரா, சீட்டுக்கு பின்னாடி மழத்தண்ணி வடியற ஓட்டைய நோண்டி, உள்ள இருந்து ஒரு கைப்புடி எலைய எடுத்து என் கையிலயே வச்சாரு, எங்க ஊரு கணக்கு வாத்தியாரு பேப்பர குடுக்கற மாதிரி. புளிசாதம் குடுத்தேன். காரம் தாங்கல மனுஷனுக்கு, ஆனா டப்பாவ திருப்பி குடுக்கல.

சாயங்காலம் ஃபொன்டானா டேம் போனேன். இந்த ஊரே அந்த டேம் கட்ட வந்த ஆளுங்களுக்காக போட்டது தான். ரெண்டாம் உலகப்போர் டைம்ல அலுமினியத்துக்கு கரண்டு வேணும்னு 1942ல ஆரம்பிச்சு, 1944லயே தண்ணி தேக்கிட்டாங்க. ஒசரம் 480 அடி. நம்ம மேட்டூர் 214 தான். ஆனா நீளத்துல மேட்டூர் இத ரெண்டு தடவ முழுங்கும், அத இங்க வந்தவங்க கிட்ட சொல்லாம விடல நான்.

இன்னைக்கு காலைல, பைக்காரங்க கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே டிராகன். நார்த் கரோலினா, டென்னசி எல்லைல இருக்கற டீல்ஸ் கேப்ல ஆரம்பிச்சு டென்னசிக்குள்ள 11 மைல், அதுக்குள்ள 318 வளைவு. ஒரு பக்கம் நேஷனல் பார்க், இன்னொரு பக்கம் காடு, நடுவுல வீடு கெடையாது, சந்து கெடையாது, குறுக்க வர்ற ரோடு கெடையாது. 2015ல இருந்து பெரிய லாரிக்கு தடை. ஸ்பீடு லிமிட் 30 மைல் தான், போலீஸ் நின்னாலும் நிப்பாங்க. டீல்ஸ் கேப்லயே ஒரு மரம் இருக்கு, வெக்கக்கேட்டு மரம்னு வச்சுக்கலாம், விழுந்த பைக்கோட ஒடஞ்ச பாகத்த எல்லாம் தொங்க விட்டிருக்காங்க. நம்ம ஊர்ல மரத்துல தொட்டில் கட்டுவாங்க, இங்க ஹேண்டில்பார்.

நான் நாமக்கல்காரன்ங்க. எங்கப்பா லாரி ஓட்டுனவரு, நான் மலை ஓட்ட பழகுனது கொல்லிமலைல, 70 கொண்டை ஊசி. எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு, பிரேக்க வறுக்காதன்னு சொல்லி சொல்லி மண்டைல ஏத்தி வச்சிருக்காரு. அது இங்க அப்படியே வேல செஞ்சுது. ரெண்டாவது கியரு, அப்பப்ப மூணாவது, பிரேக்க தொட்டது கம்மி. முன்னாடி ஒரு பெரிய பவர் வண்டி போச்சு, மியாட்டா இல்ல, வேற ஏதோ, நேரா இருக்கற எடத்துல சீறும், வளைவு வந்ததும் செவப்பு லைட்டு, மறுபடி சீறும், மறுபடி செவப்பு லைட்டு. அவருக்கு 11 மைலும் வேலதான். எனக்கு ஸ்டீயரிங்க விட கழுத்துதான் மொதல்ல திரும்புது, அடுத்த வளைவ பாக்கறதுக்குள்ள வண்டி அங்க போய் நிக்குது. ஜப்பான்காரங்க குதிரையும் வீரனும் ஒண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லி இத டிசைன் பண்ணாங்க, ஜின்பா இத்தாய்னு. விளம்பரத்துக்கு சொன்னதுன்னு நெனச்சிருந்தேன். நாப்பதாவது அம்பதாவது வளைவுக்கு மேல அப்டி நெனைக்க முடியலங்க.

ஒரே ஒரு பிரச்சனை. ஹாரன். கொல்லிமலை பழக்கம், வளைவுக்கு வளைவு கை தானா போய் அமுக்குது! பின்னாடி வந்த ஒஹையோ பெரியவரு முடிச்சு எறங்குனதும் வந்து, "எல்லாரையும் தெரியுமா உனக்கு, யாருக்கு ஹாய் சொல்லிட்டே வந்த?"ன்னு கேக்கறாரு. விளக்கி சொன்னேன். திரும்பி வர்றப்ப பின்னாடி இருந்து ஹாரன் சத்தம், வளைவுக்கு வளைவு. அவருதான்.

வளைவுகள்ல போட்டோகிராஃபருங்க சேர் போட்டு உக்காந்திருப்பாங்க, போற வர்ற எல்லா வண்டியையும் எடுத்து அவங்க சைட்ல போடுவாங்க, வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கலாம். ரிசார்ட்டு வைஃபைல தேடி என்னோடத புடிச்சிட்டேன். வண்டி அழகா சாய்ஞ்சு வருது, ஆனா நான் வாய பொளந்துட்டு, ஒரு கை ஸ்டீயரிங்ல, இன்னொரு கை ஹாரன்ல. வீட்டம்மாவுக்கு அனுப்புனேன். "புளிசாத டப்பா எங்க?"ன்னு பதில் வந்திருக்கு.

இருங்க, ஒஹையோ பெரியவரு லைட்டு ஏத்தி எறக்கறாரு பாருங்க, கூப்புடறாரு. நாளைக்கு செரோஹாலா ஸ்கைவேன்னு இன்னொரு மலை ரோடு போறோம், 5,000 அடிக்கு மேல, அது அடுத்த வீடியோல. மொதல்ல டப்பாவ வாங்கிட்டு வர்றேன்.